வலி ஊசி என்று சொல்லி சலைன் போடலாமா?

சிஸ்டர், வயிற்று அறுவை முடிந்த மறுநாள் நோயாளி வலி பத்துக்கு 8 என்கிறார், ஆனால் செல்போனும் கையுமாக இருக்கிறார், "வலி ஊசின்னு சொல்லி சலைன் போட்டுவிடு" என்று சீனியர் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள், சலைன் மருந்தில்லாத உப்பு நீர், அது ஏமாற்று. சலைனில் வலி குறைந்தாலும் நோயாளி சொன்னது பொய்யாகிவிடாது.

படுத்திருக்கும்போது மட்டும் கேட்டால் போதாது. இருமச் சொல்லி, புரண்டு படுக்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்குப் பயந்து மூச்சை இழுக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். வலி திடீரென ஏறியிருந்தால் வயிறு இறுகியிருக்கிறதா, கட்டு நனைந்திருக்கிறதா, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மடங்கிச் சிறுநீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். 6 மணிக்கொருமுறை எழுதிய பாராசிட்டமால் 1 கிராம் இரவில் விட்டுப்போயிருக்கிறதா என்றும் சார்ட்டைப் புரட்டுங்கள். கோளாறு இங்கேயும் இருக்கலாம்.

கடும் வலிக்கான மார்ஃபின் போட்டால் மயக்க நிலையை முதலில் கவனியுங்கள், மூச்சு எண்ணிக்கை பொதுவாக அதற்குப் பிறகே இறங்கும். பேசும்போதே கண் சொருகினால் அடுத்த டோஸ் கிடையாது, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சை முழு 1 நிமிடம் எண்ணுங்கள். மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் கொடுத்து விழித்துக்கொண்டாலும் பக்கத்திலேயே இருங்கள், மார்ஃபினின் வேகம் தீருமுன்பே நலோக்சோனின் வேகம் தீர்ந்துவிடும்.

சீனியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். டியூட்டி டாக்டரிடம் வலி எண், கடைசி டோஸ், நேரம் மூன்றையும் சொல்லி மருந்தை மாற்றக் கேளுங்கள். ஊசி போட்டு 30 நிமிடத்தில் மறுபடி கேட்டு எழுதிவையுங்கள்.