செம்பு வாலை: வாசகர் கேள்வி – பதில்

பன்னீர், ஓமத் தீநீர், புல்தைலம் போன்றவற்றை வீட்டில் வடிப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில். பூவையோ விதையையோ தண்ணீரில் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்கும் கருவியைச் சித்த மருத்துவ நூல்கள் ‘வாலை இயந்திரம்’ என்றும் அதில் வடித்த நீரைத் ‘தீநீர்’ என்றும் சொல்வதால், நாமும் அப்படியே அழைப்போம்.

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் பன்னீர் ரோஜா பயிரிடுகிறோம். விலை விழும் நாட்களில் பூவை வடித்துவிடலாம் என்று யோசனை. 20 லிட்டர் அளவில் செம்பு வாலை செய்ய என்னென்ன வேண்டும்? கன்னாரிடம் என்ன சொல்லிச் செய்யச் சொல்வது?

பதில்: அடிப்பகுதியும் சுவரும் ஒரே தகட்டில் அடித்த செம்பு அண்டா கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 30 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம் இருந்தால் 21 லிட்டர் பிடிக்கும். தகடு 1 முதல் 1.2 மி.மீ. தடிமன் இருக்கட்டும், அதைவிட மெலிந்தால் அடுப்பில் நெளியும். தவலையும் குடமும் வேண்டாம். வாய் குறுகியது என்பதால் உள்ளே தட்டு வைக்கவும் முடியாது, சக்கையை வழித்தெடுக்கவும் முடியாது. பழைய அண்டாவில் ஈயம் பூசியிருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளீயத்தோடு நஞ்சான காரீயம் கலந்து பூசியிருந்தால் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

தனி அடித்தகடு வைத்து ஒட்டுவதாக இருந்தால், அந்த ஒட்டு நெருப்புக்கு நேரே இருக்கும். சாதாரணப் பற்றாசு (சால்டர்) 240 டிகிரிக்குள் உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒருமுறை வற்றிப்போனால் அடி கழன்று விழும். ஆகவே அடுப்புப் பக்கத்து ஒட்டு அனைத்தும் பிரேசிங் (அதிகச் சூட்டில் உருகும் கம்பியால் ஒட்டுவது) ஆகவே இருக்க வேண்டும். ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் பாஸ்பரஸ்-காப்பர் கம்பி இதற்குச் சரி. செம்போடு செம்பு ஒட்ட அதற்குப் பற்றவைக்கும் பொடியும் (ஃபிளக்ஸ்) வேண்டாம். ஒரு பக்கம் பித்தளை இருந்தால் மட்டும் பொடி தேவை. நச்சு உலோகமான காட்மியம் கலந்த வெள்ளிக் கம்பி கூடவே கூடாது.

மூடியும் குழாயும் அவ்வளவு சூடேறாது. அங்கே காரீயம் இல்லாத பற்றாசு போதும்: 97 பங்கு வெள்ளீயம், 3 பங்கு செம்பு. ரேடியோ கடையில் கிடைக்கும் 60/40 பற்றாசில் நூற்றுக்கு 40 பங்கு காரீயம். வடிநீர் லேசான அமிலத்தன்மை உடையது. அந்தக் காரீயத்தை அரித்துக்கொண்டே வரும். கன்னாரிடம் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மூடி குவிந்த வடிவில் இருக்கட்டும். அதன் உச்சியிலிருந்து 28 மி.மீ. குழாய் ஒரு சாண் மேலே எழுந்து, பிறகு சரிந்து இறங்க வேண்டும். இங்கே குழாய் குறுகினால் ஒரு இதழ் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அண்டா வெடிகுண்டுதான். உள்ளே, அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், கால் வைத்த துளைத் தட்டு ஒன்று வேண்டும்.

வேலை முடிந்ததும் அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பிறகு புளி கரைத்துத் தேய்த்துக் கழுவி, வெறும் தண்ணீரை இரண்டு முறை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் பூவைப் போட வேண்டும்.

கேள்வி: குளிர்விக்கும் சுருளை வளைத்தபோது மூன்று இடத்தில் குழாய் மடிந்துவிட்டது. எத்தனை அடி வாங்க வேண்டும்? கோடையில் எங்கள் தெருவில் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஒரு தடவை வடிக்க எவ்வளவு தண்ணீர் செலவாகும்?

பதில்: ஏசிக்குப் போடும் அரை அங்குல மென்செம்புக் குழாய் 13 அடி வாங்குங்கள். ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, நன்றாகக் காய்ந்த பொடியுப்பை நிரப்பித் தட்டித் தட்டி இறுக்குங்கள். நிரம்பியதும் மறுமுனையையும் அடைத்து, 6 அங்குல பிவிசி குழாயைச் சுற்றி நிதானமாக வளைத்தால் மடியாது. மணலும் போடலாம், ஆனால் உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும், மணல் உள்ளே ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். ஆறு சுற்று வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் 4 செ.மீ. இடைவெளி விட்டு, 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்குள் நிறுத்தி, கீழ்முனையை ரப்பர் வளையம் போட்டு வாளியின் அடிப்பக்கத்தில் வெளியே எடுங்கள். மடிந்த குழாயைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம்.

எந்தச் சுற்றும் நடுவில் தொங்கக் கூடாது. தொங்கும் பள்ளத்தில் நீர் தேங்கும், பின்னால் வரும் ஆவி அதைத் தள்ளும், வடிநீர் சீராகச் சொட்டாமல் விட்டுவிட்டுப் பீய்ச்சும். ‘வாலை இருமுகிறது’ என்று பலர் எழுதுவது இதைத்தான்.

தண்ணீர்க் கணக்கு இது. ஒரு லிட்டர் வடிநீருக்கான ஆவியை நீராக்கிக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர சுமார் 2,500 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 28 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 48 டிகிரியில் வெளியேறினால், லிட்டருக்கு 84 கிலோஜூலைத் தூக்கிக்கொண்டு போகும். ஆக ஒரு லிட்டர் பன்னீருக்கு 30 லிட்டர் தண்ணீர். அதைச் சாக்கடையில் விடாமல், 200 லிட்டர் பீப்பாயில் சேர்த்து, மீன்தொட்டிக்கு வைக்கும் சிறு மோட்டாரால் சுழலவிடுங்கள். இரண்டு லிட்டர் வடித்த பிறகும் பீப்பாய்த் தண்ணீர் ஆறேழு டிகிரிக்கு மேல் ஏறாது. குளிர்ந்த தண்ணீர் வாளியின் அடியில் நுழைந்து மேலே வழிய வேண்டும். மாற்றி வைத்தால் சுருளின் கீழ்ப்பகுதி வெந்நீரில் கிடக்கும். முனையில் ஆவி புகையும், மணமும் அதோடு போய்விடும்.

கேள்வி: முதல் தடவை பன்னீர் அருமையாக வந்தது. அடுத்த தடவை இளம்பச்சை நிறம், போதாததற்குக் கருகல் வாசனை. ஏன்?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. பச்சை என்பது களிம்பு. முதல் தடவை வடித்த பின் சுருளை ஈரத்தோடு வைத்திருப்பீர்கள். காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பில் களிம்பு பிடித்து, அடுத்த முறை கரைந்து வந்துவிட்டது. அந்தப் பன்னீரைக் கொட்டிவிடுங்கள். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரை உள்ளே ஓட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். இனி ஒவ்வொரு முறையும் வடித்து முடித்ததும் வாளித் தண்ணீரை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் ஆவியைச் சுருள் வழியே வெளியே விட்டு, பிறகு காற்றடித்துக் காயவையுங்கள். வடிக்கத் தொடங்கியதும் வரும் முதல் 100 மில்லியை எப்போதும் ஒதுக்குங்கள்.

கருகலுக்குக் காரணம், இதழ் அடியில் ஒட்டியது. வெயில் ஏறுமுன் பறித்த பூ 2 கிலோ, தண்ணீர் 6 லிட்டர், எடுக்க வேண்டியது 2 லிட்டர்: இதுதான் அளவு. ரோஜா இதழை வெறும் ஆவியில் வைத்தால் கட்டிபிடித்துக்கொள்ளும், ஆகவே தண்ணீரிலேயே மிதக்க வேண்டும். ஆனால் துளைத் தட்டுக்கு மேலே. அண்டாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மணிக்கு ஒரு லிட்டர் சொட்டும்படி வையுங்கள். கடைசியில் இன்னும் அரை லிட்டர் கிடைக்குமே என்ற ஆசையில்தான் நல்ல பன்னீர் வெந்த கீரை வாசனைக்குப் போகிறது. ரோஜா எண்ணெயை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கிலோ எண்ணெய்க்குப் பல டன் பூ வேண்டும். உங்கள் 2 கிலோவில் வருவது பன்னீரின் மேல் ஒரு பளபளப்பு மட்டுமே.

கேள்வி: எஸ்எஸ் (எவர்சில்வர்) பாத்திரம் போதாதா?

பதில்: அண்டா எஸ்எஸ் ஆக இருக்கலாம், தடையில்லை. இலை, பூவின் கந்தக நாற்றத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும். எனவே மூடியும் குழாயும் செம்பாக இருந்தால் மணம் தெளிவாக வரும். குடிக்கும் தீநீர் மட்டுமே வடிப்பவர்களுக்கு எஸ்எஸ் சுருள்தான் நல்லது. கையால் வளைக்க முடியாது, பட்டறையில் வளைத்து வாங்க வேண்டும்.

கேள்வி: ஓமத் தீநீர் வடித்தேன். மேலே மிதந்த எண்ணெயில் மறுநாள் கண்ணாடித் துண்டு போலப் படிகங்கள். கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அதுதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் ஓம உப்பு. தைமால் என்பது அதன் வேதிப்பெயர். சுமார் 50 டிகிரியில் உருகி, குளிர்ந்தால் படியும். அரைக் கிலோ ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து, 6 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்தால் 10 முதல் 20 மில்லி எண்ணெய் மிதக்கும். அதை முழுவதும் பிரித்துவிடுங்கள். அந்த எண்ணெயோடு குடித்தால் தொண்டையும் வயிறும் புண்ணாகும். கைக்குழந்தைக்கு வீட்டில் வடித்ததைக் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: இதே வாலையில் திராட்சை ஒயினை வடித்தால் பிராந்தி வருமாமே? நியூசிலாந்தில் அனுமதி உண்டு என்கிறார்கள்.

பதில்: அங்கே 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிக்கலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது வடிப்பது மட்டுமல்ல, வடிப்பதற்கென்று கருவி வைத்திருப்பதும் குற்றம். சாராய ஆவி அடுப்புத் தீயில் குப்பென்று பற்றக்கூடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த சாராயத்தால் இறந்தார்கள். குடிப்பவரால் அதைச் சுவையிலோ மணத்திலோ பிரித்தறிய முடியாது. இதற்கான முறையை இந்தப் பகுதியில் தரமாட்டோம்.

கேள்வி: மூடி இடுக்கில் ஆவி கசிகிறது. கிளாம்ப் போட்டு முறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. பழைய முறையில் சீலைமண் செய்வார்கள், அதாவது மண் பூசிய துணியால் இடுக்கை அடைப்பார்கள். நீங்கள் மைதாவைச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளரப் பிசைந்து, துணிநாடாவில் தடவி இடுக்கைச் சுற்றி ஒட்டுங்கள். சூட்டில் இறுகிக்கொள்ளும், எங்காவது அடைத்து அழுத்தம் ஏறினால் முதலில் அதுதான் பிய்ந்து வழிவிடும். உங்களைக் காப்பது அந்த மாவுதான். வடிகுழாய் முனையில் வால்வு வைக்காதீர்கள். முனை பாட்டிலில் சேர்ந்த நீருக்குள் மூழ்கியும் இருக்கக் கூடாது. அடுப்பை அணைத்ததும் அண்டாவுக்குள் ஆவி சுருங்கும். அப்போது பாட்டிலில் இருக்கும் பன்னீர் முழுவதையும் குழாய் திரும்ப உறிஞ்சிவிடும். முனைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.