முழுநேர வேலைக்கும் போய்க்கொண்டு, ஒப்புக்கொண்ட எழுத்தைச் சொன்ன தேதிக்குள் எப்படி முடிக்கிறீர்கள்?

ஒப்புக்கொள்ளும்போதே அதன் அளவைச் சுருக்கிவிடுகிறேன். வேகமாக எழுதுவதற்கான வழிகளைவிட எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

சிங்கப்பூரில் தமிழில் எழுதும் பெரும்பாலோருக்குப் பிழைப்பு வேறு. பகல் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் கூட்டங்களும். வீடு வந்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முடித்தால் உடம்பு படுக்கையைத் தேடும். அந்த நேரத்தில் நல்ல வாக்கியம் வராது. வேலைக்குக் கிளம்புமுன் விடியலில் கிடைக்கும் பொழுதையும் வார இறுதியையும் நம்பித்தான் தேதி கொடுக்கிறேன்.

ஒருவர் "தேக்கா வரலாறு பற்றி ஒரு கட்டுரை" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அப்படியே தலையாட்டினால் மாட்டிக்கொள்வோம். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கு ஒரு புத்தகமே எழுத வேண்டும். எத்தனை சொற்கள், யார் படிப்பார்கள், பக்கம் வடிவமைப்புக்கு என்றைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு, "அங்குள்ள பஃப்பலோ சாலைக்கு அந்தப் பெயர் வரக் காரணமான கால்நடை வணிகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவேன். கேட்டவருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். எனக்கும் எல்லை தெரிந்துவிடும்.

அடுத்த ஆபத்து தகவல் தேடல். தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் பழைய நாளிதழ்கள் கிடைக்கின்றன. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் அங்கே படிக்கலாம். நம் தாத்தா பாட்டி காலத்துத் தமிழை வீட்டிலிருந்தே படிக்க முடிவது எவ்வளவு பெரிய கொடை! ஆனால் ஒரு செய்தியைத் தேடிப் போனால் பக்கத்துச் செய்தி இழுக்கும், அதற்கடுத்த விளம்பரம் இழுக்கும். அதனால் தெரிந்ததை வைத்து முதலில் முழு வரைவையும் எழுதிவிடுகிறேன். ஆண்டோ பெயரோ உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பிறகு அந்தக் குறிகளுக்கு மட்டும் தேடுகிறேன். விடை கிடைக்காத குறி இருந்தால் அந்த வாக்கியம் போய்விடும்.

கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை பெருகும் என்ற பார்க்கின்சன் விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை அவர் 1955இல் 'எகானமிஸ்ட்' இதழில் எழுதியபோது, இங்கே சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அரசு அலுவலகங்கள் பெருப்பதைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை. எழுத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. அவகாசம் நீளமாக இருந்தால், வரைவுக்குத் தனியாக ஒரு முன்தேதி வைத்து, அன்று அதைப் படித்துத் தர ஒரு நண்பரிடம் சொல்லிவைப்பேன். ஒருவர் காத்திருக்கிறார் என்றால் கை தானாக ஓடும்.

நாட்காட்டியையும் பாருங்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. அதற்கு முன்பே நாடகம், உரை, மலர்க் கட்டுரை என்று எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள். தீபாவளிக்கு முன்பும் இதே நெரிசல்தான். அந்த மாதங்களில் ஒன்றிரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. "அண்ணே, இப்ப முடியாது, மே மாசம்னா கண்டிப்பா செஞ்சு தர்றேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நாளில் கைவிரித்தால்தான் கசப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், அலுவலகத்தில் திடீர் வேலை வரலாம். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது. "முழுதாக வேண்டுமானால் இரண்டு நாள் கூடுதலாக வேண்டும்; பாதி அளவு போதுமென்றால் சொன்ன தேதிக்கே தருகிறேன்" என்று கேளுங்கள். எது தோது என்று அவரே சொல்லிவிடுவார்.