பாட்டி வீட்டுப் படமும் வெளிநாட்டு ஓவிய ஆசிரியையும்

கேள்வி: எங்கள் பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் பூஜை அறைப் புகையில் கறுத்துப்போய், ஒரு ஓரத்தில் தங்கரேக்கும் பெயர்ந்து நிற்கிறது. புதுச்சேரியில் குடியேறிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் பழைய படங்களைச் சீர்செய்தும் தருகிறார். நம் படம் அவருக்குப் புரியுமா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கொடுக்கலாம் அம்மா, ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்பது முக்கியமில்லை, படத்தின் மேல் எதைப் பூசப்போகிறார், பூசியதைப் பின்னால் எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 1920-ல் ஐதராபாத் நிஜாம் அரசு அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற லோரென்சோ செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு இத்தாலியர்களை வரவழைத்தது. சுவரை விட்டு உதிர்ந்துகொண்டிருந்த பூச்சை அவர்கள் பிடித்து நிறுத்தியது பெரிய உபகாரம். ஆனால் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளித்து வண்ணங்களை மங்கடித்துவிட, பிற்பாடு தொல்லியல் துறை வேதியியலாளர்கள் அதைப் பாடுபட்டு நீக்க வேண்டியதாயிற்று. நம்மூர்க்காரர் பூசியிருந்தாலும் அந்த அரக்கு மஞ்சளித்துத்தான் இருக்கும்.

புரியுமா என்றால், வியன்னாவில் ஓவியம் பயின்ற வால்டர் லாங்ஹாமரைச் சொல்வேன். மனைவி யூதர், ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனது, 1938-ல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். பத்திரிகையில் கலை இயக்குநர் வேலை பார்த்துக்கொண்டே பின்னாளில் பெயர்பெற்ற ஓவியர்களான ரஸா, ஆரா போன்ற இளைஞர்களை வீட்டுக்கு வரவழைத்து, படங்களைக் காட்டிப் பேசி வளர்த்தார். பிழைக்க வந்த இடத்தில் இப்படிக் கொடுத்தவர்களை நாம் மதிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஐரோப்பாவில் பயின்றவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணெய் ஓவியம்தான் பழக்கம், அதை லேசாக ஈரப்படுத்திய பஞ்சால் ஒற்றி அழுக்கெடுப்பார்கள். தஞ்சாவூர்ப் படம் அப்படியில்லை. பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்த பூச்சு, அதற்கும் மேலே கோந்தில் கலந்த வண்ணம் என்பதால் ஈரம் பட்டால் கிருஷ்ணர் கன்னத்து நிறமே பஞ்சோடு வந்துவிடும். "இதில் தண்ணீர் படலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஓரத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் சோதித்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வைக்கிறேன் என்றால் தாராளமாகக் கொடுங்கள். புத்தம் புதுசாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி, படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், பழைய கோட்டின் மேல் புதுக் கோடு போட்டுவிட்டால் பாட்டி கும்பிட்ட படம் போனது போனதுதான்.

அதுவரை ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், செலோடேப் எதுவும் வேண்டாம். கடல்காற்று நேராக அடிக்கிற சுவரிலிருந்து கழற்றி, மல்லாக்க வையுங்கள். உதிர்ந்த ரேக்கைப் பெருக்கித் தள்ளாமல் காகித உறையில் போட்டு வைத்துப் படத்தோடு கொடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் வேலைக்கே படிக்க ஆசைப்படுகிறாள். வழி உண்டா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: உங்கள் ஊரிலேயே பாரதியார் பல்கலைக்கூடம் என்ற நுண்கலைக் கல்லூரி இருக்கிறது, கை அங்கே பழகட்டும். ஆனால் வேதியியலை விடச் சொல்லாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் கால ஓவியங்களை 1931-ல் கண்டறிந்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே.கோவிந்தசாமி, அவை எப்படித் தீட்டப்பட்டன என்று ஆராய்ந்தவர் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் பரமசிவன். அப்புறம் மேற்படிப்புக்கு டெல்லிப் பக்கம் போக வேண்டியிருக்கும், லக்னோவில் இதற்கென்றே மத்திய அரசின் ஆய்வகம் ஒன்று உண்டு, அங்கே என்னென்ன பயிற்சி தருகிறார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.