டி.பி. திட்டம்: நிலமும் போய், பணமும் கட்ட வேண்டுமா?

கேள்வி: அகமதாபாத் மணிநகரில் வசிக்கிறோம். புறநகரில் என் தந்தை பெயரில் 2,000 சதுர மீட்டர் மனையும் அதில் ஒரு சிறு கிடங்கும் உள்ளன. அந்தப் பகுதி இப்போது டி.பி. (டவுன் பிளானிங்) எனப்படும் நகரமைப்புத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. 40 சதவீத நிலம் போகும், அதன்மேல் பணமும் கட்ட வேண்டும் என்கிறார் தரகர். பவர் எழுதிக் கொடுத்தால் சாலையோர மனையாக வாங்கித் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டி.பி. திட்டத்தில் ஒரு பகுதியின் மனைகளை ஒன்றுசேர்த்து, சாலை, பூங்கா போன்றவற்றுக்கு நிலம் எடுத்துக்கொண்டு, மீதியைப் புதிய மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தருவார்கள். எந்த மனை எங்கே அமையும் என்பதை வரைவு நிலையில் வளர்ச்சி ஆணையமும், பின்னர் ஒவ்வொரு உரிமையாளரையும் விசாரித்து அரசு நியமிக்கும் நகரமைப்பு அலுவலரும் முடிவு செய்கிறார்கள். இதில் தரகருக்கு எந்த இடமும் இல்லை. மக்களைப் பயமுறுத்தி நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்கும், பவரை வைத்துக்கொண்டு பிறகு விற்றுவிடுவதற்கும்தான் இந்தப் பேச்சு பயன்படுகிறது.

குஜராத்தின் 1976ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் சாலைக்கு 15, பூங்காவுக்கு 5, சமூக வசதிகளுக்கு 5, ஆணையம் விற்றுச் செலவை ஈடுகட்ட 15 என்று சொல்லும் விழுக்காடுகள் திட்டப் பகுதி முழுவதற்குமான கணக்கு. உங்கள் மனையில் அதே அளவு குறையும் என்று எழுதி வைக்கப்படவில்லை.

பணக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். சதுர மீட்டர் 1,000 ரூபாய் வீதம் உங்கள் நிலம் 20 லட்சம் பெறும் என்று கொள்வோம். 1,200 சதுர மீட்டர் திரும்பக் கிடைத்தால், இழந்த 800க்கு இழப்பீடு 8 லட்சம். சாலையும் குழாயும் வந்தபின் விலை 2,600 ஆகுமென மதிப்பிட்டால், திரும்பக் கிடைத்த 1,200 சதுர மீட்டருக்கு உயர்வு 19.2 லட்சம், அதில் அதிகபட்சம் பாதியை, அதாவது 9.6 லட்சத்தை, உங்களிடம் கேட்கலாம். இழப்பீட்டைக் கழித்தபின் நீங்கள் கட்ட வேண்டியது 1.6 லட்சம். ஆக, நிலமும் பணமும் தனித்தனியாகப் பறிபோவதில்லை. இந்தக் கணக்கு முழுவதும் எஃப் படிவத்தில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கிடங்கு மட்டும் தனி விஷயம். கட்டடம் நிற்கும் இடத்தை இயன்றவரை விட்டுவைப்பார்கள் என்பதால் உங்கள் நிலம் குறைவாகவே கழியக்கூடும். ஆனால் நிலம் குறைவாகக் கழிந்தால் இழப்பீடும் குறையும், கட்ட வேண்டிய தொகை கூடும். நிலம் தப்பியதே என்று மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கிடங்கு சாலையில் அடிபட்டால் அதற்குத் தனியாக ஈடு கேட்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் சொத்துவரி ரசீதுகளும் கையில் இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கை வலுவிழந்துவிடும்.

1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வரைவுக்கு ஒப்புதல் கிடைத்ததுமே சாலைக்கான நிலத்தை எடுத்துக்கொள்ள முடிகிறது. இறுதித் திட்டமோ பல ஆண்டுகள் இழுபடுகிறது. நிலத்தை விரைந்து எடுக்கத் தெரிந்த நிர்வாகம், கணக்கை விரைந்து முடிக்காமல் உரிமையாளர்களைக் காக்க வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வரைவு வெளியானதிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகல் வாங்குங்கள். அதற்கு முன், சொத்து ஆவணத்தில் உங்கள் தந்தையின் பெயரும் முகவரியும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். விசாரணை அறிவிப்பு அந்த முகவரிக்கே போகும்.