பிரபலமான ஆண்கள் மீது பாலியல் புகார் வந்தால் மக்கள் ஏன் முதலில் அந்தப் பெண்ணைச் சந்தேகப்படுகிறார்கள்?

எல்லாப் புகாரையும் மக்கள் சந்தேகப்படுவதில்லை. நம்பினால் தனக்கு ஏதாவது போய்விடும் என்கிற இடத்தில்தான் சந்தேகம் வருகிறது. நான் பார்த்தவரை ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில், இரவுக் காட்சி படம் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிய ஒரு பெண்ணை அதிலிருந்தவர்களே கடத்திக்கொண்டு போய்க் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். புகார் சில நாள் கழித்து மின்னஞ்சலில் போனது. "அந்த நேரத்துல படத்துக்கு இன்னாத்துக்குப் போவணும்" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் "இது பொய்யா இருக்கும், பணம் பறிக்கப் பாக்குது" என்று ஒருவர்கூட என் காதுபடச் சொல்லவில்லை. "தூக்குல போடணும்" என்பதுதான் காட்பாடி டீக்கடையில் கேட்ட பேச்சு. 2025 ஜனவரியில் நான்கு பேருக்கு 20 ஆண்டு சிறை விதித்தது வேலூர் நீதிமன்றம். அவர்களில் யாருக்கும் ரசிகர் மன்றம் கிடையாது.

இப்போது 2018 அக்டோபருக்கு வாருங்கள். பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது குற்றம் சாட்டினார். கவிஞர் மறுத்தார். அந்தக் குற்றச்சாட்டில் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை, அதனால் எது உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. நான் கவனித்தது சுற்றியிருந்தவர்களை. அதே டீக்கடை, அதே ஆட்கள். "இத்தினி வருசம் கம்முனு இருந்துட்டு இப்ப இன்னாத்துக்கு சொல்லுது?" ஆட்டோக்காரர்களைத் தூக்கில் போடச் சொன்ன வாய்க்கும் இந்த வாய்க்கும் ஒரே சொந்தக்காரர். அவர் மகள் கல்யாணத்தில் போட்ட பாட்டெல்லாம் கவிஞருடையது. நம்பிவிட்டால் அந்தப் பாட்டை என்ன செய்வது? மனசு அதற்குத் தயாராக இல்லை.

பிரபலம் என்றால் சினிமாக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், அங்கே பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கிறேன். ஒருமுறை தையல் செக்‌ஷனிலிருந்து ஒரு பெண், உற்பத்திக் கணக்கு எழுதுகிற சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதிய புகாரை நாலாக மடித்துக் கொண்டுவந்தாள். லைன் சூப்பர்வைசர் மீது. அந்த ஆள் எங்கள் கம்பெனியில் ஒரு ஹீரோ. பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முன்பணம் வாங்கிக் கொடுப்பார், வண்டி தாமதமானால் கையெழுத்துப் போட்டுச் சமாளிப்பார், ஓவர்டைம் யாருக்கு என்று முடிவு செய்பவரும் அவர்தான். சாட்சி சொல்லக் கூப்பிட்டால், அவள் பக்கத்து மிஷினில் உட்காரும் அக்காவே, "அவரு தங்கமான மனுசன்மா, இது சிரிச்சுப் பேசுற பொண்ணு" என்றார். அந்த அக்கா பொய் சொல்லவில்லை. அக்காவிடம் சூப்பர்வைசர் தங்கமாகத்தான் நடந்திருக்கிறார். அடுத்த மாதம் கேட்கவேண்டிய முன்பணமும் அந்தப் பேச்சில் இருந்தது.

விசாரித்தோம், கேட் சிசிடிவியும் வருகைப் பதிவேடும் அவள் சொன்னதோடு ஒத்துப்போயின, நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதற்கப்புறமும் லைனில் அவளோடு சாப்பிட உட்கார ஆள் இல்லை.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பரனூர் கதை. 2021 பிப்ரவரியில், தமிழ்நாட்டின் சட்டம் ஒழுங்கு சிறப்பு டிஜிபியாக இருந்த ராஜேஷ் தாஸ் காருக்குள் தன்னிடம் அத்துமீறினார் என்று புகார் கொடுக்க ஒரு பெண் ஐபிஎஸ் அதிகாரி சென்னைக்குக் கிளம்பினார். தாமதிக்கவே இல்லை. பரனூர் சுங்கச்சாவடியில் அவர் காரையே மறித்தார்கள். மறித்தது போலீஸ். புகார் கொடுக்கப் போனவரும் போலீஸ், அதுவும் எஸ்பி! 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. வழியில் மறித்த அதிகாரிக்கு 500 ரூபாய் அபராதம். சீருடை போட்ட எஸ்பிக்கே இந்தப் பாடு என்றால், டப்பிங் வாய்ப்புக்கு ஒருவர் கண்ணசைவை நம்பியிருக்கும் பெண் எந்த ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பாள்?

காலதாமதம் பற்றி ஒரு தீர்ப்பும் இருக்கிறது. மத்திய அமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர், தன்மீது புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது அவதூறு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டு கழித்தும், தனக்கு விருப்பமான எந்த இடத்திலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. அந்தச் செய்தியை டீக்கடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சரி, பொய்ப் புகாரே வராதா? வரும். புகார் என்பது தண்டனை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தெரிந்தே வன்மத்தோடு பொய் சொன்னால் புகார் கொடுத்தவர் மீதும் நடவடிக்கை உண்டு என்கிறது. அதே பிரிவு, நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய் என்றாகாது என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

"அப்ப எங்க மானத்துக்கு யாரு பொறுப்பு" என்று அந்த சூப்பர்வைசரின் மனைவி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர் பெயரை மட்டுமில்லை, எதிர்த்தரப்பின் பெயரையும் வெளியே விடக்கூடாது என்கிறது. குழுவும் ஒரு பெண் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களோடு, வெளியாள் ஒருவரையும் வைத்து, 90 நாளில் விசாரிக்கவேண்டும். எங்கள் ஷூ கம்பெனியில் இருக்கிற இந்த ஏற்பாடு சினிமாவில் இல்லாமல்தான் ரொம்பக் காலம் ஓடியது. படத்தயாரிப்பு நிறுவனங்களில் இப்படிக் குழு வைத்தே ஆகவேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னதே 2022 மார்ச்சில்தான், அதுவும் நடிகைகளே வழக்குப் போட்டுப் பெற்றது. மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி 2019 டிசம்பரில் கொடுத்த ஹேமா கமிட்டி அறிக்கையைக் கேரள அரசு வெளியிட்டது 2024 ஆகஸ்டில். புகாரைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மேசைகூட இல்லாத தொழிலில் பெண்கள் ட்விட்டரில் எழுதுகிறார்கள். எழுதியதும், அந்த மேசையில் உட்கார்ந்திருக்கவேண்டிய ஐந்தாறு பேருக்குப் பதிலாக ஊரே நீதிபதியாகிவிடுகிறது, கையில் ஒரு தாளும் இல்லாமல்.