பின்புறத் தோட்டத்தில் கோல்ஃப்: கடன் வாங்கலாமா, சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: ஐயா, காட்பாடி காந்தி நகரில் சொந்த வீடு. வயது 63, ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. காலாண்டுக்கு 41,000 வட்டி வருகிறது. வங்கி வைப்பில் 6 லட்சம், ஜனவரியில் முதிர்கிறது. வேறு கையிருப்பு இல்லை. பின்புறம் 600 சதுர அடியில் செயற்கைப் புல் போட்டு கோல்ஃப் பயிற்சி இடம் அமைக்க ஒப்பந்ததாரர் 4.5 லட்சம் கேட்கிறார், ஆடிக்குள் முடித்துத் தருகிறாராம். 13 சதவீதத்தில் தனிநபர் கடன் வாங்கவா, சேமிப்பை எடுக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். தை பிறக்கட்டும், அளவையும் பாதியாக்குங்கள்.

மூன்று வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 15,160 ரூபாய். ஓய்வூதியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். வட்டி மட்டுமே 96,000 ஆகும். மூத்த குடிமக்கள் கணக்கை இப்போது மூடினால் அசலில் 1 சதவீதம், அதாவது 20,000 ரூபாய் பிடிப்பார்கள். காலாண்டு வட்டியும் நின்றுபோகும். அதன் பக்கமே போகாதீர்கள்.

ஜனவரியில் வரும் 6 லட்சத்தில் 3.5 லட்சத்தை மருத்துவம், அவசரத்துக்கென்று மறுபடி வைப்பில் போடுங்கள். மீதி 2.5 லட்சம்தான் உங்கள் வரம்பு. இந்தச் செலவால் வீட்டின் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாங்க வருபவர் அந்த இடத்தில் கார் நிறுத்தத்தான் பார்ப்பார். ஆசைக்குச் செய்யும் செலவு, அதில் தப்பில்லை.

உங்களிடம் கேட்ட விலை சதுர அடிக்கு 750 ரூபாய். 12க்கு 25 அடி, 300 சதுர அடி என்றால் 2.25 லட்சம். பட்டிங், அதாவது பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளுவது, பழக 25 அடி நீளம் போதும். 4 மீட்டர் அகல ரோல் வாங்கினால் 12 அடிக்கு ஒட்டே வராது. பந்து திசை மாறுவதும், வெயிலில் பிசின் விட்டுப்போவதும் ஒட்டில்தான்.

தை வரை பொறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மழை. மழைக்காலத்தில் அடித்தள வேலை கூடாது. ஐந்து அங்குலம் தோண்டி, 4 அங்குலம் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் (கல் தூள்) கலந்து கொட்டி, மேலே ஓர் அங்குலம் டஸ்ட் பரப்ப வேண்டும். 4 அங்குலத்துக்கு 100 கன அடி, ஒரு யூனிட். இறுகுவதால் ஒன்றேகால் யூனிட் சொல்லுங்கள். இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் லேசாக நனைத்து, பிளேட் காம்பாக்டர் என்ற அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். கைத்திம்மிசு போட்டு முடித்தால் முதல் பெருமழையிலேயே பள்ளம் விழும், பிறகு புல்லை உரித்துத்தான் சரிசெய்ய முடியும். 25 அடிக்கு 3 அங்குலச் சரிவை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பாருங்கள், சரிவு சுவரை விட்டு விலகிப் போகட்டும். செப்டிக் டேங்க் மூடி, சம்ப் மூடி எதுவும் புல்லுக்கு அடியில் சிக்கக்கூடாது.

குழிக் கிண்ணத்தின் விட்டம் 108 மில்லிமீட்டர். விளிம்பு புல்லுக்கு மேலே துளி நீட்டினாலும் பந்து தட்டிவிட்டுப் போகும்.

செலவு குறையுமென்று இயற்கைப் புல்லுக்குப் போகாதீர்கள். பட்டிங் தரையை 3, 4 மில்லிமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய தினமும் ரீல் மோவர் என்ற உருளைப் புல்வெட்டியால் வெட்ட வேண்டும். 300 சதுர அடிக்கே கோடையில் நாளுக்கு 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். போர் வற்றும் மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கியா ஊற்றுவீர்கள்? செயற்கைப் புல்லும் வேலூர் வெயிலில் நடுப்பகலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். மாலை ஐந்துக்கு மேல்தான் ஆட முடியும்.

முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் தராதீர்கள். அடித்தளம் முடிந்ததும் அரை மணி நேரம் ஹோஸில் தண்ணீர் விடுங்கள். எங்கும் தேங்காவிட்டால் 40, புல் விரித்து மணல் தூவிய பின் 20, மீதி 10 ஒரு மாதம் கழித்து. விலைப்பட்டியலில் ஜிஎஸ்டி, மண் அள்ளிப்போகும் வண்டிக்கூலி, நிரப்பு மணல் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதுவரை கை பழக வேண்டுமென்றால் ஒரு வலையும் ரப்பர் மேட்டும் போதும். வலையிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளி நின்று, ஸ்பாஞ்சுப் பந்தால் அடியுங்கள். 46 கிராம் நிஜப் பந்து மதில் தாண்டினால் பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கான பணம் இந்தக் கணக்கில் சேரவில்லை.