பழத்தோல் கரைசலை ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியில் ஊற்றலாமா? ஊற்றிப் பார்த்தவனின் பதில்

கேள்வி: வீட்டில் சேரும் பழக்கழிவை இயற்கை உரமாக்கி, ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் சத்துக் கரைத்த தண்ணீரில், தக்காளி, கீரை வளர்க்க முடியுமா? கடையில் விற்கும் ஏ, பி என்ற இரண்டு சத்து உப்புக் கரைசல் வாங்காமல் சமாளிக்க வழி இருக்கிறதா?

முடியும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வழியில் முடியாது.

நீங்கள் எங்கேயோ ஒரு வீடியோ பார்த்திருப்பீர்கள். கண்ணாடி ஜாடியில் வாழைப்பழத் தோல் ஊறும். அடுத்த காட்சியில் குழாய் நிறையத் தக்காளி தொங்கும். அந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று யாரும் காட்டுவதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் 31 வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். திருச்சியில் சொந்த வீடு, மேலே மொட்டை மாடி. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் மூன்று அங்குல பி.வி.சி. குழாய் நான்கு வரிசை போட்டு, 36 துளை இட்டு, கீழே 60 லிட்டர் டிரம், ஏர்கூலர் பம்ப் ஒன்று என்று அமைத்தேன். முதல் போகம் கடையில் வாங்கிய ஏ, பி கரைசலில்தான். பாலக் கீரை 30 நாளில் கைநிறைய வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இல்லை.

ஊரிலிருந்து வந்த என் அக்கா கீரையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் காட்டுன உப்பையெல்லாம் இப்ப கீரைக்கு ஊத்துறியா?" என்று கேட்டார். செடிக்கு நைட்ரஜன் தரும் நைட்ரேட் எங்கிருந்து வந்தாலும் நைட்ரேட்தான், வேருக்கு அது சாணியில் பிறந்ததா சாக்குப்பையில் பிறந்ததா என்று தெரியாது என்று விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டார், கீரையை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது குத்திவிட்டது.

என் மச்சினன் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். தினமும் இரண்டு வாளி தோல் சேரும். சாத்துக்குடி, அன்னாசி, வாழை, பப்பாளி. "அத்தான், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றார். கழிவு இலவசம், மரியாதையும் மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன்.

தாய்லாந்துப் பக்கமிருந்து பரவிய, பழத்தோலைப் புளிக்கவைக்கும் பயோ என்சைம் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். அப்படியே செய்தேன். தொண்ணூறாம் நாள் திறந்தால் காடி (வினிகர்) வாசனை, தேன் நிறம். பி.எச். 3.5 (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). டிரம்மில் இருந்த பழைய கரைசலை வடித்துவிட்டு போர் தண்ணீர் நிரப்பி, புதுக் கீரை நாற்றும் ஆறு தக்காளியும் வைத்து, இந்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஐந்து லிட்டர் போனதும் இ.சி. மீட்டர், அதாவது தண்ணீரின் மின்கடத்தலை அளக்கும் கருவி, 0.8இலிருந்து 1.2க்கு ஏறியது. பி.எச். 5.8. ஹைட்ரோபோனிக்ஸுக்கு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும் என்பார்கள். நெற்றியில் ஒட்டிக்கொள்ளலாம் போன்ற எண். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் டிரம்முக்குள் வெள்ளையாக ஜவ்வு மிதந்தது. ஐந்தாம் நாள் பம்ப் வடிகட்டி கொழகொழவென்று அடைத்துக்கொண்டது. பி.எச். தானாக 7.5க்குப் போயிருந்தது. வேர்கள் பழுப்பு, தொட்டால் தோல் கழன்று உள்நரம்பு மட்டும் கையில் வந்தது. குழாய் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, கீரை மதியம் வாடி நிற்கிறது. நாற்றம் பற்றி எழுத வேண்டாம். பழ ஈ கூட்டம் பக்கத்து வீட்டுப் பூஜை அறை வரை போய்விட்டது, அந்தம்மா இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். இத்தனைக்கும் மீட்டர் அன்றும் 1.2தான் காட்டியது.

அந்த மீட்டரைத்தான் முதலில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மட்டும் சொல்லும். பொட்டாசியம், சோடியம், கரிம அமிலம் எது கரைந்திருந்தாலும் எண் ஏறும். அதில் நைட்ரஜன் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சர்க்கரையையோ அது கண்டுகொள்ளவே கொள்ளாது. என் டிரம்மில் இருந்தது பொட்டாசியமும் காடியும் சர்க்கரையும். அந்தச் சர்க்கரையையும் காடியையும் தின்று பாக்டீரியா பெருகுகிறது. பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. 20 டிகிரி தண்ணீரிலேயே லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். திருச்சி மாடியில் 33 டிகிரி ஆகிவிட்ட டிரம்மில் ஏழு சொச்சம். அதையும் பாக்டீரியா குடித்துவிட்டால் வேருக்கு மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்? அப்புறம் வேரழுகல் பூஞ்சை வருவதற்கு அழைப்பு வேண்டியதில்லை. அமிலம் தின்று தீர்ந்ததால்தான் பி.எச். மேலே ஏறியதும். இருந்த கொஞ்சநஞ்ச நைட்ரஜனையும் பெருகிய பாக்டீரியா தன் உடம்புக்குச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

இதே கரைசலைத் தண்ணீர் கலந்து முருங்கை மரத்தடியில் ஊற்றினேன், மரம் ஜம்மென்று நிற்கிறது. மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உட்கார்ந்து சமைத்துக் கொடுக்கின்றன. புரதம் அம்மோனியா ஆகி, நைட்ரைட் ஆகி, நைட்ரேட் ஆன பிறகுதான் செடி பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். குழாயில் அந்தச் சமையல்காரர்கள் இல்லை. நைட்ரஜன் சுழற்சி என்று கரும்பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி போட்டு 31 வருடம் நடத்தியவன் நான். அது என் மாடியில் நடக்கவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது.

கண்டுபிடித்ததும் நான் இல்லை என்பதுதான் உண்மை. என் பழைய மாணவன் ஒருவன் வண்ணமீன் கடை வைத்திருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் தட்டுத்தடுமாறித் தேறியவன். கதையைக் கேட்டுவிட்டு, "சார், புதுத் தொட்டியில உடனே மீன் விட்டா ஏன் சார் சாகுது?" என்று கேட்டான். மூன்று வாரம் தொட்டியைப் 'பழக்கி' எடுத்த பிறகுதான் மீன் விட வேண்டும், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதற்குள் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கே பாடம் எடுத்தான். காற்று பம்ப் ஒன்றும், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டியும் கொடுத்தான். பள்ளியில் நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனை செய்வோம். வீட்டில் அடர் கந்தக அமிலம் வைக்க என் மனைவி விடமாட்டார், ஆகவே சொட்டு மருந்துதான்.

பிறகு தேடியதில், ஜப்பானில் மகோதோ ஷினோஹாரா என்ற ஆராய்ச்சியாளர் இதையே முறையாகச் செய்து 2011இல் கட்டுரை வெளியிட்டிருப்பது தெரிந்தது. மக்கிய உரத்திலிருந்து நுண்ணுயிரைத் தண்ணீருக்குக் கொண்டுவந்து, மீன் கரைசல், மக்காச்சோளம் ஊறிய நீர் போன்ற கரிம உரங்களைக் கொஞ்சமாகக் கொடுத்து, தண்ணீருக்குள்ளேயே நைட்ரேட் ஆக்குவது. கவனியுங்கள், இரண்டிலும் நைட்ரஜன் தாராளம். பழத்தோலில் அது மிகக் குறைவு.

இப்போது நான் செய்வது இதுதான். 20 லிட்டர் வாளியில் தண்ணீர். மண்புழு உரம் 100 கிராம் துணியில் முடிந்து உள்ளே. இரவு பகலாகக் காற்று பம்ப். இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து கிராம் கடலைப் புண்ணாக்குப் பொடி, மொத்தம் நான்கு தடவை. புண்ணாக்கில் ஏழு சதவீதம் அளவுக்கு நைட்ரஜன் உண்டு, ஆக எல்லாம் மாறினால் லிட்டருக்கு 140 மில்லிகிராம் கிடைக்கும். கீரைக்குப் போதும். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் பழைய கதைதான். முதல் வாரம் சொட்டு மருந்தில் பச்சை, அதாவது அம்மோனியா. அப்புறம் நைட்ரைட் ஊதா. மூன்றாம் வாரம் இரண்டும் இறங்கி நைட்ரேட் சிவப்பு தெரியும். மூக்கும் போதும்: அழுகல் வாடை போய் முதல் மழை மண் வாசனை வந்தால் பக்குவம்.

சரி, பழத்தோல் எங்கே போனது என்று கேட்பீர்கள். வாழைத்தோலை மாடியில் சருகாகக் காயவைத்து இரும்புச் சட்டியில் எரிக்கிறேன். அஸ்ஸாமில் வாழைச் சாம்பலை வடித்த கார நீரைச் சமையலுக்கே சேர்ப்பார்கள், கார் என்று பெயர். அந்தக் காரம் பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். நைட்ரேட் உண்டாகும்போது வாளியில் அமிலம் சேரும், சாம்பல் அதை முறிக்கும். விளைவது பொட்டாசியம் நைட்ரேட். அந்தக் காலத்தில் எருக்குழி மண்ணையும் சாம்பலையும் சேர்த்து வெடியுப்பு எடுத்தார்களே, அதேதான், என் வாளியில் நீர்த்த வடிவில். இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு கிலோ தோல் எரிந்தால் இரண்டு ஸ்பூன் சாம்பல்கூடத் தேறாது. அதையும் கால் ஸ்பூன் போட்டு, பி.எச். பார்த்து, பிறகு அடுத்தது. மொத்தமாகப் போட்டால் பி.எச். ஒன்பதைத் தாண்டும். சாத்துக்குடித் தோல் வாளிப் பக்கமே வரக் கூடாது, அதன் எண்ணெய் நுண்ணுயிரைக் கொல்லும். அதுவும் அன்னாசியும் நேராக உரக்குழிக்கு.

இந்த முறையிலும் முதல் வாளி பாழானது. அதற்குக் காரணம் நான் இல்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேலை இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். பேரன் பள்ளி வேன் வராவிட்டால் நான். கேஸ் சிலிண்டர் வரும் நாளில் மூன்று வீட்டுக்கு நான். அன்றைக்கு மனைவி வழி உறவுக்காரப் பையனுக்கு ஒரு சான்றிதழ், "நீங்க சும்மாதானே இருக்கீங்க, போய் நின்னு வாங்கிட்டு வந்திருங்களேன்" என்றார்கள். போய் நின்றேன், மாலை வரை நின்றேன். வேலையில் இருந்தபோது லீவு லெட்டர் எழுதினால் மறுக்கவாவது ஒரு தலைமையாசிரியர் இருந்தார், இப்போது எனக்கு லீவே கிடையாது. அன்றைக்குப் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பது முதல் ஐந்து. காற்று நின்று, வாளி நாறி, 16 நாள் உழைப்பு போனது. அந்தப் பையன் ஒரு நன்றி சொல்லவில்லை. நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்ணமீன் கடையிலேயே கிடைக்கும்.

விளைச்சலை மறைக்காமல் சொல்கிறேன். கடைக் கரைசலில் 30 நாளில் வந்த பாலக், இதில் 40 நாள் எடுத்தது, இலையும் கொஞ்சம் சிறிது. சுண்ணாம்புச் சத்து எங்கள் போர் தண்ணீரிலேயே உண்டு, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு அது தனித் தலைவலி. இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றபோது கடையில் இரும்புச் சத்துப் பொடி வாங்கித்தான் போட்டேன். "அப்படியானால் இது எப்படி இயற்கை?" என்று ஒருவர் வருவார், தெரியும். ஐயா, மண்ணில் வேர் விடாத காய்கறிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆர்கானிக் சான்றே கொடுப்பதில்லை, அமெரிக்காவில் கொடுக்கிறார்கள். அவர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை, நானும் நீங்களும் இங்கே சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? "நான் பஞ்சகவ்யா ஊற்றி வளர்க்கிறேனே" என்பவர்கள் எதில் வளர்க்கிறார்கள் என்று பாருங்கள், அநேகமாக மண்ணோ தென்னை நார்க்கழிவோ இருக்கும். இல்லை, வெறும் தண்ணீரில்தான் என்றால் ஒரு நாள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் தக்காளி என்று கேட்டிருந்தீர்கள். தக்காளி பெருந்தீனிக்காரன், இந்த வாளியை நம்பி ஆறு செடி வைத்ததில் இரண்டுதான் உருப்படியாகக் காய்த்தது. அதற்குக் குழாயை விட்டுவிட்டு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் வையுங்கள். நார்க்கழிவில் நுண்ணுயிர் தங்க இடம் உண்டு, காற்றும் உண்டு, அதனால் வாளிக் கரைசல் கொஞ்சம் அரைவேக்காடாக இருந்தாலும் தாங்கும். கட்டியாக வாங்குவதை ஊறவைத்து மூன்று தடவை நன்றாக அலசுங்கள், உப்பு இருக்கும். மூன்றாவது அலசல் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். அந்த ஒரு வேலைக்கு அந்த மீட்டரை நம்பலாம்.